ஆடிக்காற்றும் ஒரு கூடைப் பந்தும்

மாப்பிள்ளை திருப்பி அடித்த பந்து வலையைத் தாண்டவில்லை. வலை இருந்த திசைக்கே போகவில்லை. பக்கவாட்டில் பறந்து, கொட்டகையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமுதவள்ளியின் முறத்தில் போய் விழுந்தது.

அமுதவள்ளி பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள். “ஐயா, இத எந்த ரகத்துல சேக்குறது? நல்ல பருவெட்டாத்தான் இருக்கு.”

கொட்டகையே சிரித்தது. பொன்னுமணி மட்டும் சிரிக்கவில்லை.

“மாப்ளே, பந்து வர்றதப் பாத்து அடிக்கணும்,” என்றார், ஒரு மாமனார் எவ்வளவு தன்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தன்மையாக.

“பாத்துத்தான் மாமா அடிச்சேன். காத்து இழுத்திருச்சு,” என்றான் ஜெகதீஷ்.

அதுவும் பொய்யில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மலை இடுக்கில் புகுந்து போடிநாயக்கனூருக்குள் இறங்கும் காற்றுக்கு அம்மியே பொருட்டில்லை என்றால், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து எம்மாத்திரம்?

அந்தப் பந்தை வைத்து ஆடுகிற ஆட்டத்துக்குப் பிக்கிள்பால் என்று பேர். கொச்சிக்கு ஏலக்காய் லோடு ஏற்றிப் போன ஒச்சப்பன், பொன்னுமணியைப் போலவே ஏலக்காய் வியாபாரி, திரும்பும்போது கொண்டுவந்த சரக்கு அது. டென்னிஸ் மைதானத்தைச் சுருக்கி, டேபிள் டென்னிஸ் மட்டையைப் பெரிதாக்கினால் கிடைப்பது. தொப்பை உள்ளவர்களும் ஆடலாம் என்பதால் போடி வியாபாரிகளிடம் வெகு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. பொன்னுமணி தம் வீட்டுக்குப் பின்னால் காப்பிக்கொட்டை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் கோடு போட்டு, குறுக்கே வலையும் கட்டிவிட்டார்.

அறுபதை நெருங்கும் பொன்னுமணி, புத்தி தெரிந்த நாளிலிருந்து கடை, ஏலம், லோடு என்றே ஓடியவர். லாபம் பார்க்காமல் அவர் செய்த ஒரே காரியம் இந்த ஆட்டம்தான். சாயங்காலம் மட்டையைக் கையில் எடுத்தால் முகமே மாறிவிடும். அந்தக் களத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

ஆபத்தைக் கொண்டுவந்தவள் அவர் மனைவி ஈஸ்வரி.

“ஆடிப்பட்டம் தேடி விதைன்னு அவரைக்கொட்டை ஊன்றப் போறேன். கொடி ஏற வல வேணும். இந்தா கெடக்குல்ல, நல்ல கெட்டி வல,” என்று ஆடி பிறந்த அன்றே சொல்லிவிட்டாள். “ரெண்டு தடவ ஒச்சப்பங்கிட்டத் தோத்துட்டு வந்து, எம் மேல எரிஞ்சு விழுந்தீங்க. ஆடி கடைசி நாளு மறுக்கா ஆடுறீங்கள்ல? செயிச்சா வல ஒங்களுக்கு. தோத்தா அவரைக்கு.”

ஈஸ்வரி சொன்னால் சொன்னதுதான்.

ஒச்சப்பனின் பலமே சர்வீஸ்தான். அவர் போடும் பந்து நேராகக் கிளம்பி, போடிமெட்டு மலை ரோடு மாதிரி நடுவழியில் திரும்பும். அது ஒருமுறை தரையில் விழுந்து எழும்பிய பிறகுதான் எதிராளி திருப்பி அடிக்க வேண்டும். எங்கே விழும், எந்தப் பக்கம் எழும்பும் என்று பொன்னுமணிக்கு இதுவரை பிடிபட்டதில்லை. பொன்னுமணியோடு ஜோடி சேர்ந்து ஆடும் கூட்டாளி அமாவாசை ஏதோ சமாளிப்பார். அந்த அமாவாசையும் மலையில் காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டதென்று எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஏறிவிட்டார்.

ஜோடி இல்லாமல் பொன்னுமணி தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஜெகதீஷ் வாசலில் வந்து நின்றான்.

அவன் வந்திருக்கவே கூடாது. வைகாசியில்தான் அவனுக்கும் பொன்னுமணியின் மகள் சுஜிதாவுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அதுவரை கோயம்புத்தூரில் ஏதோ காலேஜில் வேலை பார்த்தவன், இப்போது சிலமலையில் சொந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் ஆடிக்குப் பெண்ணை சிலமலையிலிருந்து தாய் வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஆடிப்பெருக்கு விருந்தைத் தவிர, மாசம் முடியும்வரை மாப்பிள்ளை இந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது. ஆடியில் சேர்த்து வைத்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது ஊரறிந்த கணக்கு. அதில் ஈஸ்வரி எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

“சுஜிதா போன் சார்ஜரை மறந்துட்டு வந்துட்டா அத்தை. குடுத்துட்டுப் போகலாம்னு...”

“இந்த வீட்ல சார்ஜருக்கா மாப்ள பஞ்சம்?” என்று வாசல் கேட்டின் கம்பி இடுக்கு வழியாகவே சார்ஜரை வாங்கிக்கொண்டாள் ஈஸ்வரி. “நல்லாருக்கீங்களா? ஆடிப்பெருக்குக்கு வாங்க, கறிச்சோறு சாப்பிட்டுப் போகலாம்.”

அவன் பைக்கைத் திருப்பும்போது பொன்னுமணி அவனுடைய நீளமான கைகளைப் பார்த்தார்.

“மாப்ளே, இந்த மட்டையெல்லாம் புடிச்சிருக்கீங்களா?”

ஜெகதீஷ் மட்டையைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் பார்த்தான்.

“ஆடுறதப் பாத்திருக்கேன் மாமா. சொல்லிக்குடுத்தா வர்றேன்.”

ஈஸ்வரி ஆடித்தான் போனாள். ஆனால் பொன்னுமணி ஏலக்கடையில் வாதாடிப் பழகியவர். “களம் வேற, வீடு வேற. களத்துக்குத்தான வர்றாரு?” என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. களத்தில் வீட்டுப் பக்கம் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை மாப்பிள்ளை தாண்டக்கூடாது. காப்பித் தம்ளரை ஈஸ்வரி கோட்டின் மேலேயே வைத்துவிடுவாள். அவன் அந்தப் பக்கம் நின்றபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

“பந்து பொறுக்க ஆள் வேணுமே?” என்றார் பொன்னுமணி.

“நான் பொறுக்குறேன்,” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தாள் சுஜிதா. “வேற யாருக்கு இங்க சோலி இல்லாம இருக்கு?”

“பொறுக்குறதோட சரி. பேச்சு கூடாது,” என்றாள் ஈஸ்வரி.

இப்படி ஆரம்பித்த பயிற்சியில்தான் முதல் பந்து முறத்தில் விழுந்தது.

பொன்னுமணி யோசித்தார். மாப்பிள்ளை பந்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறார், அதுதான் கோளாறு என்று முடிவு கட்டினார்.

“பின்னால போங்க மாப்ளே. இன்னும் பின்னால. இன்னும்.”

ஜெகதீஷ் மாமனார் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை. பின்னால் போய்க்கொண்டே இருந்தான். அடுத்த பந்தைப் பார்த்துக்கொண்டே ஓர் எட்டு வைத்தவன், கொட்டகைக்குள் சலித்து வைத்திருந்த ஏலக்காய்த் தட்டில் மல்லாக்க விழுந்தான். தரம் பிரித்துக் குவித்திருந்த காயெல்லாம் ஒன்றாகக் கலந்தது. ஆடிக்காற்று மிச்சத்தைக் களம் பூராவும் இறைத்தது.

“ஒரு பந்துக்கு ஒரு தட்டுக் காயா?” என்று ஈஸ்வரி தலையில் கைவைத்தாள். மறுநாளும் பொறுக்கும் வேலையே நடந்தது.

அடுத்து பொன்னுமணி காற்றைக் குற்றவாளியாக்கினார். லாரியிலிருந்து பெரிய தார்ப்பாயை அவிழ்த்துக் கொண்டுவந்து, மேற்குப் பக்கம் மறைப்பாகக் கட்டினார். ஒரு முனை சுவர்க் கம்பியில். மறு முனை முருங்கை மரத்தில்.

“முருங்கையில கட்டுறீங்களே மாமா,” என்றான் ஜெகதீஷ் மெல்ல.

“அது எங்கப்பா காலத்து மரம் மாப்ளே.”

எந்தக் காலத்து மரமானாலும் முருங்கை முருங்கைதான். காற்று ஒரு மூச்சு விட்டது. தார்ப்பாய் கப்பல் பாய் போலப் புடைத்தது. மரம் நடுவில் முறிந்து, மாடித் தொட்டிக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் மேல் சாய்ந்தது. அன்று ராத்திரி வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈஸ்வரி வீடு வீடாகப் போய் முருங்கைக் கீரை கொடுத்துக் குடத்தில் தண்ணீர் வாங்கி வந்தாள். அதில் புருஷனுக்கு அளந்து ஒரே ஒரு செம்பு கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பொன்னுமணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது யோசனை அவர் தொழிலிலிருந்தே வந்தது.

“ஏலத்துல எப்படி? சாம்பிள் கைக்கு வந்ததும் மோந்து பாத்துக்கிட்டே இருந்தா அடுத்தவன் தூக்கிட்டுப் போயிருவான். சரக்கு வர்றதுக்குள்ள வெலை வந்துரணும். அதே மாதிரி பந்து கெளம்பும்போதே ஒங்க கை கெளம்பிரணும். வெரசா!”

ஜெகதீஷ் வெரசாகக் கையை வீசினான். பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே மட்டையில் பட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து பொன்னுமணியின் நெற்றியில் மோதியது. பிளாஸ்டிக் பந்துதான், ஆனாலும் நெற்றிப் பொட்டுக்கு மேல் ஓட்டையோடு சேர்த்து முத்திரை குத்திவிட்டது.

“ஐயோ மாமா! பந்து ஒருக்கா விழுந்த பெறகுதான அடிக்கணும்னு நீங்க நேத்து சொன்னீங்க? அவசரத்துல மறந்துட்டேன்.”

பொன்னுமணிக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒச்சப்பனின் பந்தை அவரே ஒருநாளும் விழுந்து எழும்பவிட்டதில்லை. ஏலக்காரக் கை, முந்திக்கொண்டு போய்விடும். பாதிப் பாயிண்டுகளை அவர் தோற்றதே அதனால்தான். இருந்தாலும் மாப்பிள்ளை முன்னால் ஒப்புக்கொள்ள முடியுமா?

“ஆமா, சொன்னேன்,” என்றார், நெற்றியைத் தடவிக்கொண்டே.

மறுநாள் கடைவீதியில் ஒச்சப்பன் அந்த முத்திரையைப் பார்த்துவிட்டார்.

“என்ன பொன்னுமணிண்ணே, சிலமலை மாப்ள சர்வீசு போட்டாரா? பாத்து ஆடுங்க. அவரைக்குப் பந்தல் போடணும்னு மதினி வேற சொல்லிட்டு இருந்துச்சு.”

பொன்னுமணி பொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். “போதும். மாப்ளைக்குக் கை எல்லாம் கட்டை. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். அவர நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிருவோம்.”

சுஜிதா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. “சொல்லுங்கப்பா. எனக்கென்ன? சிலமலையில எங்க மாமியா கேட்டா, ‘ஒங்க மகன் ஒரு மட்டையக்கூடப் புடிக்கத் துப்பில்லாதவருன்னு எங்கப்பா வெரட்டிட்டாரு’ன்னு சொல்லிக்கிறேன்.”

ஈஸ்வரிதான் பதறிவிட்டாள். “ஏங்க, அறிவிருக்கா? வந்த மாப்ளைய வராதன்னு சொல்றதா? சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாக? ஆரம்பிச்சிட்டீங்கள்ல, முடிச்சுத்தான் விடணும்!”

வரக்கூடாது என்றவளே வரவேண்டும் என்று நின்றாள். அன்றுமுதல் கோட்டின் மேல் வைத்த காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் ஒரு தட்டுப் பணியாரமும் சேர்ந்துகொண்டது.

வேறு வழியில்லாமல் பொன்னுமணி ஒரு முடிவுக்கு வந்தார். ஏலக்காய்க் கூடை ஒன்றில் பந்துகளை நிரப்பினார்.

“மாப்ளே, இந்தக் கூடை முழுக்க நான் சர்வீசு போடுவேன். ஒண்ணுகூட விடாம திருப்பி அடிச்சிட்டீங்கன்னா பயிற்சி முடிஞ்சது. அப்புறம் நீங்க தெனம் அலைய வேணாம். நேரா ஆட்டத்தன்னைக்கு வந்தாப் போதும்.”

“சரி மாமா,” என்றான் ஜெகதீஷ், மிகவும் பணிவாக.

அந்தக் கூடைதான் முடியவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஜெகதீஷ் நன்றாகத்தான் ஆரம்பிப்பான். பந்து பந்தாகத் திருப்புவான். கூடையின் அடி தெரியும். கடைசிப் பந்து மட்டும் போய்க் களத்து ஓரம் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழும். அதைத் தேட சுஜிதா போவாள். தொட்டிக்குப் பின்னால் ஒரே புதர் என்பதால், கூடத் தேட ஜெகதீஷும் போவான். தொட்டி கோட்டுக்கு வெளியே களத்துப் பக்கம்தான் இருந்தது என்பதால் ஈஸ்வரியாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“கெடைச்சுதா?” என்று கத்துவார் பொன்னுமணி.

“தேடுறோம்ப்பா!”

“அந்தப் பாழாப்போன காத்து தெனம் அந்தப் பக்கமே இழுக்குது,” என்று மலையைப் பார்த்துத் திட்டுவார்.

மாப்பிள்ளைக்கு ஆட்டம் வராவிட்டாலும் சந்தேகம் கேட்பதில் குறைச்சலில்லை.

“மாமா, பந்து வர்றப்ப நீங்க கோட்டுக்கு ஒரு அடி பின்னால நிக்கிறீங்களே, அது பந்து விழுந்து எந்திரிக்க எடம் குடுக்கத்தான?”

பொன்னுமணி அதுவரை கோட்டுக்குள்தான் நின்றிருந்தார். “பின்ன?” என்று ஒரு அடி பின்னால் போனார்.

“ஓங்கி அடிக்காம, சும்மா தூக்கி ஆழமாப் போடுறீங்களே, எதிராளி கடைசிக் கோட்டுலயே கெடக்கட்டும்னுதான?”

“ஆங்... அவன் கெடக்கணும்ல!”

“போட்ட கையோட வலைக்கிட்ட ஓடி வந்துர்றீங்களே, அது?”

“அது தானா வர்றது மாப்ளே,” என்று சொல்லிவிட்டு, மூச்சிரைக்க வலைப் பக்கம் ஓடினார். வலையை ஒட்டிய பட்டைக்கு அந்த ஆட்டத்தில் கிச்சன் என்றே பேர். அதற்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக்கூடாது. வீட்டிலும் கிட்டத்தட்ட அதே சட்டம்தான் என்பதால் பொன்னுமணி அதை மட்டும் ஒருபோதும் மீறியதில்லை.

“ஒருக்கா செஞ்சு காட்டுங்க மாமா. நான் சர்வீசு போடுறேன், தப்பாப் போட்டாலும் கோச்சுக்காதீங்க,” என்பான் ஜெகதீஷ்.

பொன்னுமணி செய்து காட்டுவார். ஒருமுறை காட்டினால் மாப்பிள்ளைக்கு விளங்காது. மறுபடி காட்டச் சொல்வான். இருட்டும்வரை மாமனார் காட்டிக்கொண்டே இருப்பார். இவ்வளவு மந்தமான பிள்ளைக்கு மகளைக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு ஒரு கவலை. ஆனாலும் சலிக்காமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறானே, நல்ல குணம், மகளை நன்றாக வைத்துக்கொள்வான் என்று ஒரு நிறைவு. மாசக் கடைசிக்குள் அவனைப் பிடித்துப்போய்விட்டது அவருக்கு. தோற்றாலும் இவனோடு தோற்கலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கொட்டகை ஓரம் முளைத்து நின்ற அவரைக் கன்றுகளைப் பார்த்ததும் அந்த நினைப்பு ஓடிவிட்டது.

ஆடி கடைசி நாளும் வந்தது. ஏலக்கடைக்காரர்கள் பாதிப்பேர் களத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஈஸ்வரி அரிவாள்மனையோடு வந்து வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காய் நறுக்கத்தான் என்று அவள் சொன்னாள். பொன்னுமணி நம்பவில்லை.

ஒச்சப்பன் புது ஜோடியோடு வந்திறங்கினார். கொழுந்தியா மகள் அனுப்பிரியா. கோயம்புத்தூரில் காலேஜு படிக்கிறவள், காலையில்தான் பஸ்சில் வந்து இறங்கியிருந்தாள்.

“காலேஜு டீமுல ஆடுற புள்ளண்ணே,” என்று ஒச்சப்பன் சிரித்தபோது பொன்னுமணி வலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் ஜெகதீஷைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். “சார்...” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெகதீஷ் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான்.

“பயப்படாதம்மா,” என்றார் பொன்னுமணி பெரிய மனசோடு. “எங்க மாப்ள இப்பத்தான் கத்துக்கிறாரு. மெதுவாத்தான் அடிப்பாரு.”

“மெதுவாவா?” என்றாள் அவள்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஒச்சப்பன் சர்வீஸ் போட்டார். பந்து மெட்டு வளைவில் திரும்புவது போலத் திரும்பியது. ஜெகதீஷ் அதைப் பூப்பறிப்பது போல எடுத்து, கடைசிக் கோட்டின் மூலையில் போட்டான். பொன்னுமணிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அடுத்ததும் அப்படியே. அன்று முழுக்க ஒரு பந்துகூடத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகவில்லை.

“ஏத்தா சுஜிதா, பாத்தியா?” என்று கத்தினார். “ஒரு மாச ஒழப்பு!”

“பாக்குறேன்ப்பா,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள் சுஜிதா.

இருந்தாலும் ஒச்சப்பன் லேசுப்பட்டவரில்லை. மாப்பிள்ளை பக்கம் பருப்பு வேகாது என்று தெரிந்ததும், ஆட்டம் முழுவதையும் பொன்னுமணி பக்கம் திருப்பினார். ஏறிக்கொண்டே வந்து, இன்னும் ஒரே பாயிண்டு எடுத்தால் ஜெயம் என்ற இடத்துக்கு வந்துவிட்டார். கடைசி சர்வீஸ் அவர் கையில். வாங்க வேண்டியவர் பொன்னுமணி.

ஈஸ்வரி அரிவாள்மனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். காற்று ஊளையிட்டது. பந்து கிளம்பியது.

பொன்னுமணியின் ஏலக்காரக் கை துடித்தது. விழட்டும், விழட்டும் என்று அதை அடக்கினார். பந்து விழுந்து, வளைந்து, எழும்பியது. ஒரு அடி பின்னால் நின்றிருந்தார். ஓங்கவில்லை. தூக்கி ஆழமாகப் போட்டார். போட்ட கையோடு கிச்சன் கோடு வரைக்கும் ஓடினார். ஒச்சப்பன் கடைசிக் கோட்டில் தடுமாறித் திருப்பிய பந்து நேராக அவர் மட்டைக்கே வந்தது. தட்டிவிட்டார். யாரும் இல்லாத இடத்தில் போய் விழுந்தது.

சர்வீஸ் இவர்கள் கைக்கு மாறியது. அதற்குப் பிறகு ஒச்சப்பனுக்கு ஒரு பாயிண்டுகூடக் கிடைக்கவில்லை.

களம் ஆர்ப்பரித்தது. பொன்னுமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். ஈஸ்வரி எழுந்து வந்து, வலையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, “போகட்டும், அவரைக்குக் கயிறு கட்டிக்கிறேன்,” என்றாள். அவள் முகத்திலும் சிரிப்புதான்.

ஒச்சப்பன் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். “அண்ணே, ஒத்துக்கிறேன். மாப்ளைய இப்படி ஆக்கிட்டீங்களே, எப்படிண்ணே?”

பொன்னுமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “மட்டையைப் புடிக்கத் தெரியாம வந்தாரு. நான் ஒரு மாசம் ஒக்கார வச்சு செதுக்குனேன். சொல்லிக்குடுக்கிற விதத்துல சொல்லிக்குடுத்தா எவனுக்கும் வரும். என்ன மாப்ளே?”

“எல்லாம் மாமா புண்ணியம்,” என்றான் ஜெகதீஷ், தலையைக் குனிந்துகொண்டு.

அதுவரை பொறுத்திருந்த அனுப்பிரியா, இரண்டு கையாலும் ஜெகதீஷைக் கும்பிட்டாள்.

“கோச்சு சார், எங்க டீமுக்கு ரிட்டர்ன் சொல்லிக்குடுக்க உங்களுக்கு ஒரு வருசம் ஆச்சு. இந்த அங்கிளை மட்டும் ஒரே மாசத்துல எப்படி சார் தேத்துனீங்க?”